கண்ணைப் பறிக்கும் வெளிச்சம்

'கண்ணைப் பறிக்கும் ஒளி' என்பது தமிழிலே பெரும்பாலும் பாராட்டாக வழங்குந் தொடர். இலங்கையின் இரவு வீதிகளில் இன்று அத்தொடர் தன் நேர்ப்பொருளையே பெற்றுவிட்டது. எதிரே வரும் வாகனத்தின் முன்விளக்கு, வீதியிற் செல்வோரின் பார்வையை உண்மையாகவே சில செக்கன்களுக்குப் பறித்துக்கொள்கின்றது. இதனை ஓட்டுநரின் பண்புக்குறைவு எனக் கூறி அமைபவர் பலர். பண்புக்குறைவு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் கேட்டின் வேர் அங்கில்லை. எல்லார்க்கும் பொதுவாகிய வீதியில் ஒருவன் தனக்கெனக் கூடுதல் வெளிச்சத்தை வாங்குகின்றான். அதற்குரிய விலையையோ எதிரே வருபவனின் கண் செலுத்துகின்றது. வாகனத்தின் புகையை அளக்கும் அரசு இவ்வொளியை அளப்பதில்லை. குற்றம் தனிமனிதனோடு முடிவதில்லை என்பதே ஈண்டு வற்புறுத்தப்படுவது.

இருளுக்குப் பழகிய கண்ணின் தொழிற்பாட்டை உணர்ந்தாலன்றி இக்கேட்டின் ஆழம் விளங்காது. இருளிலே கண்மணி விரிகின்றது. விழித்திரையின் கோற்கலங்கள் மங்கிய ஒளியையும் உணரும் ஆற்றலைப் படிப்படியாகப் பெறுகின்றன. அவ்வாற்றல் முழுமையடைய 20 முதல் 30 நிமிடம் வரை செல்லும். பெற்றதைக் குலைப்பதற்கோ கணப்பொழுது போதும். கடும் ஒளி கண்ணினுட் புகும்போது அதன் ஒரு பகுதி கண்வில்லையிலும் பிற ஊடகங்களிலும் சிதறி, விழித்திரைமீது வெண்திரையொன்றைப் படரவிடுகின்றது. அத்திரைக்குப் பின்னால் நிற்கும் மனிதன், மாடு, குழி யாவும் மறைகின்றன. வயது ஏற ஏற இச்சிதறல் கூடும். கண்புரை உள்ளவர்க்கு மேலும் கூடும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கும். ஓட்டுநரின் பார்வை மூன்று செக்கன் மழுங்கினால், அவ்வாகனம் 50 மீற்றர் தூரம் பார்ப்பவரின்றியே ஓடுகின்றது எனலாம்.

முன்விளக்கின் வரலாறு ஒளி பெருகிய வரலாறாகும். 1962இல் ஐரோப்பாவில் ஹலோசன் குமிழ் வாகனங்களில் இடம்பெறலாயிற்று. 1991இல் செனன் விளக்கு வந்தது. 2007இல் எல்.ஈ.டி. தாழ்கதிர் விளக்குக் கொண்ட கார் சந்தைக்கு வந்தது. வழக்கமான எச்-4 ஹலோசன் குமிழ் தாழ்கதிருக்கு 55 வாற்று மின்வலுவைக் கொண்டு ஏறத்தாழ 1000 லூமன் ஒளி தரும். செனன் விளக்கோ 35 வாற்றில் 3000 லூமன் வரை தரும். இவ்வளர்ச்சி தன்னளவிற் குற்றமன்று. 2000 லூமனுக்கு மேற்பட்ட ஒளிமூலத்தைத் தாழ்கதிருக்குப் பயன்படுத்தின், வாகனத்தின் சுமைக்கேற்ப விளக்கின் சாய்வைத் தானாகவே திருத்தும் பொறியமைப்பும், விளக்கின் கண்ணாடியைக் கழுவும் அமைப்பும் இருத்தல் வேண்டும் என ஐரோப்பிய விதிகள் வகுத்தன. ஆற்றல் பெருகியபோது கட்டுப்பாடும் உடன் பெருகியது என்பது நோக்கற்பாலது.

அக்கட்டுப்பாட்டை உடைத்தெறிவது உதிரிப்பாகக் கடையிற் கிடைக்கும் மாற்றுக் குமிழாகும். விளக்கு என்பது குமிழ் மட்டுமன்று. குமிழும் தெறிப்பியும் கண்ணாடியும் ஒன்றுசேர்ந்த அமைப்பு. ஹலோசன் விளக்கின் தெறிப்பி, மெல்லிய இழையொன்று குறித்த ஓரிடத்தில் இருக்கும் எனக் கணித்து வளைக்கப்பட்டது. தாழ்கதிர் இழையின் கீழுள்ள சிறு உலோகக் கவசம், மேல்நோக்கிச் செல்லக்கூடிய ஒளியைத் தடுக்கின்றது. அங்கே பொருந்தாத எல்.ஈ.டி. குமிழைச் செருகியதும் ஒளி பிறக்கும் இடமும் வடிவமும் மாறுகின்றன. வீதியில் விழவேண்டிய ஒளி எதிர்வருவோர் முகத்தில் விழுகின்றது. ஓட்டுநருக்கோ வாகனத்தின் முன்னுள்ள சிறு நிலப்பரப்பு வெண்மையாக ஒளிர்வதால், யாவும் நன்கு தெரிகின்றன என்ற மயக்கம் உண்டாகின்றது. அண்மை நிலம் அளவுமீறி ஒளிர்ந்தால் கண் அதற்கே பழகி, தொலைவிலுள்ளவற்றைக் காணும் திறனில் ஒரு பகுதியை இழக்கும். பிறர் பார்வையைக் கெடுக்கும் அவ்விளக்கு வாங்கியவனுக்கும் முழு நன்மை செய்வதில்லை.

இவ்வழக்கம் இலங்கையில் வேரூன்றப் பொருளியற் சூழலும் துணைநின்றது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வாகனங்களே மேலும் பழையனவாகி ஓடின. பழைய விளக்கின் மூடி மஞ்சளித்து மங்கும். தெறிப்பியின் பூச்சு உரியும். மூடியைத் தேய்த்துத் துலக்குவதும் பழுதுற்ற தெறிப்பியை மாற்றுவதுமே முறையான பரிகாரம். அதனை விடுத்து, மங்கிய விளக்கினுள் கொடிய குமிழைச் செருகுவது, மங்கிய மூடியினால் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறவிடுவதாகவே முடியும்.

இதற்கு எதிராகக் கூறப்படும் நியாயங்கள் ஆராயத்தக்கன. வீதிவிளக்கில்லாத நாட்டில் வாகன விளக்கு பிரகாசமாக இருந்தேயாக வேண்டும் என்பர் ஒரு சாரார். ஏ-9 வீதியில் ஓமந்தைக்கு வடக்கே நீளும் இருளையும், வீதியிற் படுத்திருக்கும் மாடுகளையும் அவர் சான்று காட்டுவர். அவ்விருள் மெய்யே. ஆயின் அதற்கெனவே உயர்கதிர் உண்டு. எதிரே எவரும் இல்லாதபோது அதனைப் பயன்படுத்துவதை எவரும் குறைகூறார். அன்றியும், வீதிவிளக்கு இல்லாத இடத்திலேயே கண் இருளுக்கு மிகுதியாகப் பழகியிருக்கும். ஆதலின் அங்கேயே கூச்சம் மிகக் கொடிதாகும். இருளைக் காரணங்காட்டும் வாதம் அவர்க்கே எதிராகத் திரும்புகின்றது.

எதிரே வருபவன் தாழ்த்தாதபோது தான் மட்டும் தாழ்த்துவது எதற்கு என்பது இரண்டாவது வாதம். இது பழிவாங்கலேயன்றித் தற்காப்பன்று. நெருங்கிவரும் இரு ஓட்டுநரில் ஒருவர் பார்வை கெட்டிருப்பதே ஆபத்து. இருவர் பார்வையும் கெட்டிருந்தால் அது பாதுகாப்பு ஆகிவிடுமா? கண் கூசினால் வீதியின் இடது ஓரத்தைப் பார்த்து ஓட்டலாமே என்பது மூன்றாவது. ஓட்டுநருக்கு அது பயனுள்ள அறிவுரையே. ஆயினும் அறிவுரை துன்பம் செய்பவனை விடுத்துத் துன்புறுபவனுக்கே கூறப்படுகின்றது. அந்த இடது ஓரத்திலேதான் துவிச்சக்கரவண்டிக்காரனும் நடப்பவனும் செல்கின்றனர் என்பதும் மறக்கப்படுகின்றது.

இவ்விருவரின் நிலையே இப்பிரச்சினையின் உள்ளக்கிடக்கையை வெளிப்படுத்துவது. சொகுசுக் காரில் வருபவர் லொறிக்காரரை ஏசலாம். லொறிக்காரர் விளக்கை மாறிமாறி எரித்துப் பதிலளிக்கலாம். ரியூசன் முடிந்து துவிச்சக்கரவண்டியில் வீடு திரும்பும் மாணவிக்கும், மீன்கூடையோடு விடியுமுன் சந்தைக்குச் செல்பவனுக்கும், வேலை முடிந்து நடந்து வரும் முதியவருக்கும் பதிலளிக்க விளக்கே இல்லை. அவர்களுடைய கண்ணும் கூசுகின்றது. அதே வேளையில் அவர்களே பிறர் கண்ணுக்கும் மறைந்துபோகின்றனர். வசதி படைத்தோரின் ஒளிப்போட்டியில் இழப்பு முழுவதும் வசதியற்றோர் தலையிலேயே விழுகின்றது. இதனைப் பண்பாட்டுக் குறை என்று மட்டும் கூறுவது அநீதியை நாகரிகமாக மூடிமறைப்பதாகும்.

அரசின் பொறுப்பு யாது? எரிபொருளால் ஓடும் தனியார் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுகையில் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் கோரப்படுகின்றன. 2008 முதல் நடைபெறும் புகைப் பரிசோதனைக்காக நாடெங்கும் நிலையங்கள் உள்ளன. வாகனங்கள் அங்கே வரிசையில் நிற்கின்றன. வாகனத்தின் பின்புறத்தில் குழாயைச் செருகி அளப்பவர் முன்புறத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை. 2025 சனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தின்கீழ் பொலிஸார் பஸ், முச்சக்கரவண்டி ஆகியவற்றின் மேலதிகப் பொருத்துகளை அகற்ற முற்பட்டபோது அவற்றின் சங்கங்கள் எதிர்த்தன. வீதியில் மறித்துக் கழற்றும் திடீர் நடவடிக்கை சில வாரச் செய்தியாக முடியும். ஆண்டுதோறும் நிகழும் அளவீடே வழக்கத்தை மாற்றும்.

அளவீட்டுக்குப் பெருஞ்செலவு வேண்டும் என்பதும் பொருந்தாது. எதிர்வரும் வாகனத்தை உணர்ந்து அப்பகுதியை மட்டும் நிழலாக்கும் தகவமை விளக்குகளை ஐக்கிய அமெரிக்கா 2022இல் அனுமதித்தது. பிரித்தானிய அரசு 2024இல் விளக்குக் கூச்சம் பற்றித் தனி ஆய்வொன்றைப் பணித்தது. தகவமை விளக்குகள் விலையுயர்ந்த புதிய வாகனங்களுக்குரியன. அவை பரவும்வரை காத்திருத்தல் ஆகாது. தாழ்கதிரின் மேல்விளிம்பு 10 மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் தாழ்ந்திருத்தல் வேண்டும் என்பது பொது நெறி. இதனைச் சோதிக்கச் சமதரையும், வெள்ளைச் சுவரும், அதில் வரைந்த கோடுமே போதும்.

எனவே செய்யவேண்டியன தெளிவு. புகைப் பரிசோதனையோடு விளக்கின் சாய்வும் குமிழின் பொருத்தமும் சோதிக்கப்படல் வேண்டும். ஹலோசன் விளக்குக்கு ஒவ்வாத மாற்றுக் குமிழை மாட்டியவனை மட்டுமன்றி, அதனை இறக்குமதி செய்பவனையும் விற்பவனையும் சட்டம் பற்றுதல் வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கும் இதிற் கடமையுண்டு. பேராதனை, மொறட்டுவை, யாழ்ப்பாணம் ஆகியவற்றில் பொறியியற் பீடங்கள் உள்ளன; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமோ கிளிநொச்சியில், ஏ-9 வீதியை அடுத்தே அமைந்துள்ளது. வாயிலைக் கடந்து செல்லும் வாகனங்களின் ஒளியை அளந்து மக்கள் முன் வைப்பது அப்பீடங்களுக்கு அரிதன்று. வீதியில் இரவில் நடப்பவனுக்கும் இரு கண்கள் உண்டு. அவற்றைக் காப்பது வாகனக்காரரின் கருணையன்று, நடப்பவனின் உரிமையாகும்.