வடசென்னையும் வீட்டுக் காற்றும்

'பசுமைக் கட்டிடம்' என்ற வார்த்தை இப்பொழுது நமது தேசத்தில் பெரிய கம்பெனிகளின் விளம்பரங்களிலெல்லாம் அடிபடுகிறது. 2003-ஆம் வருஷத்தில் ஹைதராபாத்தில் எழுந்த ஸோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வர்த்தக மையம், 'லீட்' என்னும் தர நிர்ணயத்தின் பிளாட்டினம் பதவியை அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலாகப் பெற்றது. அது முதல் அத்தகைய பத்திரம் பெற்ற மாளிகைகள் நகரந்தோறும் பெருகி வருகின்றன. மின்சாரத்தையும் தண்ணீரையும் மிச்சப்படுத்துவது மட்டும் இப்பத்திரத்தின் நோக்கமன்று. உள்ளே இருப்பவர் எவ்வளவு புதுக்காற்று பெறுகிறார், வர்ணத்திலிருந்தும் பசையிலிருந்தும் என்ன ஆவி கிளம்புகிறது, பகல் வெளிச்சம் எட்டுகிறதா, வெப்பமும் இரைச்சலும் தாங்கும் அளவில் இருக்கின்றனவா என்பனவும் அதில் கணக்கிடப்படுகின்றன. இவை நல்ல காரியங்களே. நாம் இவற்றை இகழவில்லை. ஆனால் இந்த நன்மை யாருக்குக் கிடைக்கிறது என்று கேட்பது நமது கடமை.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையில் ரயிலில் ஒரு முறை சென்று வருபவர்களுக்கு இக்கேள்வியின் பொருள் விளங்கும். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் புறப்பட்டது ராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதான். துறைமுகமும், கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும் சாலைகளும், மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும், உர ஆலைகளும், வடக்கே அனல் மின் நிலையங்களும் இப்பிரதேசத்தைச் சூழ்ந்திருக்கின்றன. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தேசத்தில் மிகக் கடுமையாக மாசுபட்டவை என்று குறித்த 43 தொழிற் பிரதேசங்களில் மணலியும் ஒன்று. இங்கே ஒரு தொழிலாளியின் மனைவி ஜன்னலைத் திறந்தால் கரித்தூசி சோற்றுப் பானையில் விழுகிறது; அடைத்தால் சித்திரை மாதப் புழுக்கத்தில் குழந்தை தூங்குவதில்லை. பணக்காரன் ஜன்னலை அடைத்துக்கொண்டு குளிர்ச்சி யந்திரத்தையும் காற்றைச் சுத்தம் செய்யும் யந்திரத்தையும் ஓட்டுகிறான். ஏழைக்கு இரண்டு வழியும் இல்லை.

வீட்டுக் காற்றும் வெளிக் காற்றும் வேறல்ல என்பதை 2023-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி இரவு எண்ணூர் ஜனங்கள் அனுபவத்தில் கண்டார்கள். கோரமண்டல் இண்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியே அம்மோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம் முதலிய மீனவர் கிராமங்களில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மூச்சுத் திணறி எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அந்த இரவில் வீட்டின் சுவர் யாரையும் காப்பாற்றவில்லை.

மாசைத் தடுக்காமல் இடம் மாற்றுவதும் நம்மவர்களுக்குப் பழகிவிட்டது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் இறக்கி ஏற்றப்பட்ட காலத்தில் ராயபுரத்தின் திண்ணைகள் கறுத்துக் கிடந்தன. ஹைகோர்ட்டார் தலையிட்டதன் பேரில் 2011-ஆம் வருஷம் அக்டோபர் முதல் அந்த வேலை அங்கே நின்றது. ராயபுரத்தார் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் அந்தச் சரக்கு எண்ணூர்த் துறைமுகத்திற்குச் சென்றது. ஒரு பேட்டையின் சுகம் மற்றொரு பேட்டையின் துன்பமாயிற்று.

தொழிலாளர் நலத்தில் அக்கறையுள்ள நமது அன்பர்கள் ஒரு கணக்கைக் கவனிக்கும்படி வேண்டுகிறோம். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது வடசென்னையின் ஆலைப் பேட்டையில். அக்காலம் முதல் தொழிலாளர்கள் நடத்திய கிளர்ச்சிகளின் பலன்களுள் ஒன்று, ஆலைக்குள்ளிருக்கும் காற்றும் சட்டத்திற்கு உட்பட்டதாகும். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், புதிதாகக் கட்டப்படும் ஆலையில் தொழிலாளி ஒருவனுக்கு 500 கன அடி, அதாவது 14.2 கன மீட்டர் இடம் இருக்க வேண்டும் என்று விதித்தது. இனி அவன் வீட்டைப் பாருங்கள். பிரதம மந்திரி வீட்டுத் திட்டத்தில் 2015-ல் மிகவும் எளிய பிரிவினருக்கு வகுத்த பரப்பு 30 சதுர மீட்டர் வரையில். கூரையின் உயரம் 2.75 மீட்டர் என்று கொண்டால் அடங்கும் காற்று 82.5 கன மீட்டர். ஆறு பேர் உள்ள குடும்பத்தில் தலைக்கு 13.75 கன மீட்டர் தேறும். கட்டிலும் பெட்டியும் அடுப்பும் அடைக்கும் இடத்தை நாம் இதில் கழிக்கவில்லை. எட்டு மணி நேரம் உழைக்கும் இடத்தில் மனிதனுக்குத் தேவையென்று சட்டம் கண்ட இடங்கூட, அவன் மனைவி மக்கள் இராப்பகல் வசிக்கும் வீட்டில் இல்லையென்றால் இது என்ன நியாயம்?

விதிகள் இல்லாமலில்லை. சென்னை போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் முதலிய திறப்புகள் இருக்க வேண்டுமென்று தேசியக் கட்டிட விதித்தொகுப்பு சொல்லுகிறது. வீடுகளுக்கென்று மத்திய சர்க்கார் 2018-ல் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் ஸம்ஹிதை'யும் அதே அளவைத்தான் கூறுகிறது. ஆனால் ஜன்னலின் அளவு மட்டும் போதாது. நடுவே இருண்ட தாழ்வாரம் ஓட, இரு புறமும் வீடுகளை அடுக்கினால், ஒரு பக்கம் நுழையும் காற்று வெளியேற வழியில்லை. ஜன்னல் பக்கத்து பிளாக்கின் சுவரையே பார்த்திருந்தால் கடற்காற்று எப்படி நுழையும்? மேல்மாடி வீட்டின் கான்கிரீட் கூரை பகலெல்லாம் உண்ட வெயிலை இரவெல்லாம் உமிழ்கிறது. மழைக்காலத்தில் ஒழுகும் சுவரில் பூஞ்சை படர்ந்து, ஆஸ்த்மா நோயாளிகளின் துன்பத்தைப் பெருக்குகிறது.

"தலைக்கு மேல் கூரையே இல்லாதவனுக்குக் காற்றைப் பற்றிய பேச்சு ஆடம்பரம் அல்லவா?" என்று சில பெரிய மனிதர்கள் கேட்கிறார்கள். கடற்காற்று வரும் திசை பார்த்துக் கட்டிடத்தைத் திருப்பி வைப்பதற்கு வரைபடம் போடும்போது சிறிது யோசனைதான் செலவு. மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அல்லது வெயிலைத் திருப்பும் வெள்ளை ஓடு, ஜன்னலுக்கு மேல் அகலமான சன்ஷேடு, அடுப்புப் புகை போக ஒரு வழி, எதிரெதிரே திறப்புகள் ஆகிய இவை நமது பாட்டனார் காலத்து முற்ற வீடுகள் அறிந்திருந்த உபாயங்களே. கட்டும்போது இவற்றை மறந்தவர்கள், பின்னர் ஏழையை மின்விசிறிக்கும் வைத்தியனுக்கும் ஆயுள் முழுவதும் வரி கட்டச் செய்கிறார்கள்.

ஆயினும் எவ்வளவு நல்ல ஜன்னலும் கெட்ட காற்றை நல்லதாக்காது. நோயின் மூலம் புகைபோக்கிகளில் இருக்கிறது. அனல் மின் நிலையங்கள் வெளியிடும் கந்தகப் புகைக்கு மத்திய சர்க்கார் 2015-ஆம் வருஷம் டிசம்பரில் வரம்பு விதித்து, இரண்டு வருஷ அவகாசம் கொடுத்தார்கள். அவகாசம் நீண்டது; மறுபடியும் நீண்டது. கடைசியில் 2025-ஆம் வருஷம் ஜூலையில், கந்தகத்தைப் பிரிக்கும் சாதனம் பொருத்துவதிலிருந்து தேசத்தின் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே அளித்துவிட்டார்கள். வாடை வீசும் மாதங்களில் வடக்கேயிருந்து வரும் புகைக்கு இந்த விலக்கு உத்தரவுகளைப் படிக்கத் தெரியாது. வெளிக் காற்றில் நுண்தூசிக்கு 2009-ல் நமது சர்க்கார் விதித்த வருஷ சராசரி, கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் கூறியதோ 5. வீட்டுக்குள்ளிருக்கும் காற்றுக்கோ சட்ட பலமுள்ள அளவு எதையும் விதிக்கவே இல்லை.

வடசென்னை வளர்ச்சிக்கென்று 2023-ஆம் வருஷத்து பட்ஜெட்டில் தமிழ்நாடு சர்க்கார் 1,000 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார்கள். 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தோன்றி, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய ஸ்தாபனம், பழைய குடியிருப்புகளை இடித்துப் புதியவை கட்டி வருகிறது. காற்றும் வெளிச்சமும் பற்றிய விதிகளை, அறுபது வருஷம் நிற்கக்கூடிய சுவர் எழும்புவதற்கு முன்பு அமுல் நடத்த வேண்டும். எழும்பிய பின்பு அழுது பயனில்லை. ஆகையால் நாம் கோருவது இவை: வாரியம் கட்டும் ஒவ்வொரு வீட்டிலும் ஆறில் ஒரு பங்கு திறப்பும், எதிரெதிர்க் காற்றோட்டமும் கட்டாயமாக்கப்பட வேண்டும். குடியேறி ஒரு வருஷம் கழித்து, வீட்டுக்குள் வெப்பத்தையும் தூசியையும் அளந்து தமிழில் பிரசுரிக்க வேண்டும். பசுமைப் பத்திரங்களோ பெரும்பாலும் வரைபடத்தையும் கட்டுமானத்தையும் பார்த்தே கொடுக்கப்படுகின்றன. உள்ளிடக் காற்றுக்குச் சட்டபூர்வமான அளவு வேண்டும். எண்ணூர்ப் பிரதேசத்தின் புகைபோக்கிகள் எதற்கும் விலக்கு கூடாது.

தேசத்தின் விளக்கு எரிவதற்கும் வயல் விளைவதற்கும் வடசென்னை தன் சுவாசத்தைக் கொடுத்து வந்திருக்கிறது. பதிலுக்கு அது கேட்பது பளிங்கு மாளிகையல்ல. அச்சமின்றித் திறக்கக்கூடிய ஒரு ஜன்னல். திருவொற்றியூரிலும் காசிமேட்டிலும் ஊழியம் செய்யும் தொண்டர்கள், ஓட்டுக் கேட்க வருபவர்களிடம் புதிய வீடு எத்தனை என்று மட்டும் கேட்டு நின்றுவிடாமல், அந்த வீட்டில் மூச்சு விட முடியுமா என்றும் கேட்பார்களாக. அதற்கு விடை கூறாத திட்டம் எத்தனை கோடியானாலும் ஜனங்களுடைய திட்டமாகாது.