பொட்டல ஏலக்காய் கட்டுபடியாகுமா?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் வாய்விட்டுக் கூவி நடந்த காலம் ஒன்று உண்டு. 2007-ல் ஸ்பைசஸ் போர்டு அதை மின்னணு ஏலமாக மாற்றியது. வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, தட்டில் வரும் மாதிரிக் காயை முகர்ந்து பார்த்து, பொத்தானை அழுத்தி விலை கேட்கிறார்கள். ஆகவே திரையைப் பார்த்துச் சரக்கு விற்பது தேனி மாவட்டத்துக்குப் புதிய சங்கதி அல்ல. மூடைக் கணக்கில் வியாபாரிக்கு விற்றது போக, ஐம்பது கிராம், நூறு கிராம் பொட்டலமாகச் சென்னையிலும் பெங்களூரிலும் டீ போடுகிற வீட்டுக்கே விவசாயி நேராக அனுப்புவதுதான் புதிது.

கம்பம், உத்தமபாளையம், தேவாரம், போடி வட்டாரங்களில் படித்த பிள்ளைகள் இருக்கும் விவசாயக் குடும்பங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி எழுகிறது. "ஏலத்தில் கிலோ இவ்வளவுக்குப் போகிறது. செல்போனில் பார்த்தால் ஐம்பது கிராமுக்கே இவ்வளவு விலை போட்டிருக்கிறான். நடுவில் இருப்பவன் தின்பதை நாமே எடுத்துக்கொண்டால் என்ன?" என்று பிள்ளை கேட்கிறான். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நடுவில் இருப்பது ஓர் ஆள் மட்டும் அல்ல. அட்டைப் பெட்டி, கூரியர் கூலி, வரி, திரும்பி வரும் பார்சல் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆளைத் தள்ளிவிடலாம். மற்றவற்றைத் தள்ள முடியாது.

சமீப காலத்தில் இந்த ஆசை கூடியதற்கு ஒரு காரணம் உண்டு. விலை குறைந்த பொருள்களுக்குக் கமிஷன் கிடையாது என்று பெரிய இணையச் சந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக அறிவித்தன. மீஷோ 2021-லேயே விற்பவரிடம் கமிஷன் வாங்குவதை விட்டது. அமேசான் 2025 ஏப்ரலில், ரூ.300-க்கு உட்பட்ட பல வகைப் பொருள்களுக்குக் கமிஷனை ரத்து செய்தது. அதே ஆண்டு நவம்பரில் பிளிப்கார்ட் ரூ.1,000-க்கு உட்பட்ட பொருள்களுக்கு அப்படிச் செய்தது. இதைக் கேள்விப்பட்டவர்கள், மண்டியில் தரகு இல்லாமல் சரக்கு விற்றது போலச் சந்தோஷப்படுகிறார்கள். கமிஷன் இல்லை என்றால் செலவே இல்லை என்று அர்த்தம் அல்ல. விலை குறைந்த பொருளில் கமிஷன் எப்போதுமே சிறிய தொகைதான். முதலைத் தின்பது வண்டிக்கூலி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏலத்தில் கிலோ ரூ.2,500 கிடைக்கக்கூடிய காய் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது கிராம் காயின் விலை ரூ.125 ஆகிறது. பை, லேபிள், அட்டைப் பெட்டி சேர்த்து ரூ.12. கூரியர் ரூ.60. சந்தைக்காரரின் நிலையான கட்டணம், விளம்பரம் இரண்டுக்கும் ரூ.20. பொட்டலத்தை ரூ.250-க்கு விற்றால் அதில் நூற்றுக்கு ஐந்து ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறது, அது ரூ.12. எல்லாம் போகக் கையில் நிற்பது ரூ.21. பொட்டலம் கட்டிய கைக்கூலி இதில் சேரவில்லை.

ரூ.21 மோசமில்லையே என்று தோன்றும். பத்துப் பார்சலில் ஒன்று திரும்பி வருகிறது என்று கொள்வோம். பணம் கையில் வாங்கிக்கொண்டு கொடுக்கும் முறையில் அனுப்பினால், ஆர்டர் போட்டவர் ஊரில் இல்லை, வேண்டாம் என்கிறார், கதவு பூட்டியிருக்கிறது என்று இப்படித் திரும்புவது சகஜம். போன கூலி ரூ.60, வந்த கூலி ரூ.60, கிழிந்த பெட்டி ரூ.12, ஆக ரூ.132 நஷ்டம். ஒன்பது பொட்டலத்தில் கிடைத்த ரூ.189-ல் இதைக் கழித்தால் மிச்சம் ரூ.57. ஒரு கிலோவை இருபது பொட்டலமாகக் கட்டி, லேபிள் ஒட்டி, போட்டோ எடுத்து, போன் பேசி, கூரியர்காரருக்குக் காத்திருந்து கண்ட லாபம் ரூ.114. அன்றைய தினம் காய் பொறுக்கப் போயிருந்தால் அதைவிடக் கூடுதலான கூலி கிடைத்திருக்கும்.

அதே காயை நூறு கிராம் பொட்டலமாகக் கட்டினால் கணக்கே மாறிவிடுகிறது. பெரும்பாலான கூரியர்களில் அரைக் கிலோ வரை ஒரே கூலிதான். காய் ரூ.250, பெட்டி ரூ.14, கூரியர் அதே ரூ.60, கட்டணம் அதே ரூ.20. விலை ரூ.450 வைத்தால் வரி ரூ.21. கையில் நிற்பது ரூ.85. பத்தில் ஒன்று திரும்பி ரூ.134 நஷ்டமானாலும், ஒரு கிலோவுக்கு ரூ.631 மிஞ்சுகிறது. ரூ.450 விலைக்கு நூற்றுக்கு ஐந்து கமிஷன் பிடிக்கிற சந்தையானாலும் ரூ.428-க்குக் குறையாது. வாங்குகிறவருக்கும் கிராம் கணக்கில் மலிவு. கமிஷன் இல்லாத சிறு பொட்டலத்தில் ரூ.114, கமிஷன் கொடுத்த பெரிய பொட்டலத்தில் ரூ.428. கமிஷன் இல்லை என்ற விளம்பரத்தை நம்பிச் சின்னப் பொட்டலத்தில் இறங்குகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது.

கூலியும் கட்டணமும் ஒவ்வொரு சந்தைக்கும் மாறும். வாங்குபவர் மறுத்துத் திரும்பும் பார்சலுக்குச் சில சந்தைகள் கூலி பிடிப்பதில்லை, சில பிடிக்கின்றன. ஒப்பந்தத்தில் அந்தப் பகுதியைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு பிறகு பதிவு செய்ய வேண்டும். மேலே கண்ட தொகைகளுக்குப் பதிலாக அவரவர் தொகையைப் போட்டுப் பார்க்கலாம். கணக்கின் போக்கு மாறாது.

எடை குறைந்து விலை கூடிய பொருளுக்கே இந்த நிலை என்றால் மற்றப் பொருள்களைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. போடி, கடமலைக்குண்டு பக்கத்து இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்துக்கொள்வோம். அறுபது சென்டிமீட்டர் நீளம், நாற்பது அகலம், பதினைந்து உயரம் உள்ள ஒரு தலையணையைத் தராசில் வைத்தால் எடை கொஞ்சம்தான். கூரியர்காரர் தராசை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 5,000-ஆல் வகுக்கிறார். 36,000-ஐ 5,000-ஆல் வகுத்தால் 7.2 கிலோ. அந்தக் கூலியைத்தான் கேட்பார். அழுத்திச் சுருட்டி அனுப்பினால் பஞ்சின் உப்பல் குறைந்து, வாங்கியவர் குறை சொல்வார். தலையணைக்கு ஊர்ச் சந்தையும் மதுரைக் கடைவீதியும்தான் சரி. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்கும் பார்சல் பெட்டி ஒத்துவராது. தோல் மெல்லிய பழம் அது. மூன்றாம் நாள் கதவைத் தட்டும்போது பெட்டியில் சாறுதான் இருக்கும். குறியீடு கிடைத்துவிட்டது என்பதற்காகப் பழம் வழியில் அழுகாமல் இருக்கப்போவதில்லை. முருங்கையிலைப் பொடி, மிளகு, காப்பித்தூள் ஆகியவை ஏலக்காயின் வழியில் வரக்கூடியவை. ஆனால் அங்கும் அரைக் கிலோ கூலிக்குள் எவ்வளவு மதிப்புள்ள சரக்கை அடக்கலாம் என்பதே கேள்வி. மிளகையும் ஏலக்காயையும் ஒரே பெட்டியில் சேர்த்து விற்கும் யோசனை இதனால்தான் பயன் தரும்.

எந்தக் காயைப் பொட்டலமாக்குவது என்பதிலும் பலர் தவறு செய்கிறார்கள். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் பருத்த பச்சைக் காயைப் படம் எடுத்துப் போடத்தான் ஆசை வரும். அந்தக் காய்க்கு ஏலத்திலேயே நல்ல விலை இருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பொட்டலம் கட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஏலத்தில் அடி வாங்குவது சிறுத்த காயும், வாய் பிளந்த காயும், நிறம் வெளுத்த காயும்தான். இவற்றில் அரிசி நன்றாக முற்றியிருந்தால் டீக்கும் பாயசத்துக்கும் மணம் குறைவதில்லை. "சிறு காய், தோட்டத்தில் உலர்த்தியது, பறித்த மாதம் இது" என்று உள்ளதை உள்ளபடி எழுதி நியாயமான விலைக்கு விற்றால், ஒருமுறை வாங்கியவர் மறுமுறையும் கேட்பார். நிறத்துக்காகப் பச்சைச் சாயம் ஏற்றும் கெட்ட பழக்கம் சில இடங்களில் உண்டு. ஸ்பைசஸ் போர்டு இதுபற்றி எச்சரித்திருக்கிறது. வெந்நீரில் போட்டதும் சாயம் இறங்கினால் வாங்கியவர் அதைப் படம் எடுத்து அந்தச் சந்தையிலேயே எல்லோரும் பார்க்கப் போட்டுவிடுவார். மூடைச் சரக்கில் யார் காய் என்பது கலந்துபோகும்; பொட்டலத்தில் விவசாயியின் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும்.

அப்படியானால் இந்த வியாபாரம் எதற்கு என்று கேட்கலாம். ஏலக்காய் விலையின் ஏற்ற இறக்கத்தை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். 2018 வெள்ளத்துக்குப் பின் காய் குறைந்து, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ரூ.7,000 வரை போனது. அதைப் பார்த்துக் கடன் வாங்கித் தோட்டம் போட்டவர்கள் பலர். 2022-ல் சராசரி விலை ரூ.1,000-க்கும் கீழே இறங்கியது. உரக்கடைப் பாக்கியும் ஆள்கூலியும் இறங்கவில்லை. ஏலத்தில் விலை சரிகிற வேகத்தில் கடைப் பொட்டலத்தின் விலை சரிவதில்லை என்பதைக் கம்பத்துக் கடைத்தெருவில் போய்ப் பார்த்தாலே தெரியும். ஏல விலை ரூ.900 ஆகும்போது நூறு கிராம் பொட்டலத்தை ரூ.300-க்கு விற்றாலும், முன் சொன்ன செலவும் வரியும் போக ஒரு பொட்டலத்தில் ரூ.102 நிற்கிறது. பத்தில் ஒன்று திரும்பினாலும் ரூ.784 மிச்சம். அதாவது ஏலத்தில் கிடைப்பதைப்போல ஏறக்குறைய இன்னொரு பங்கு. விலை ஏறியிருக்கும் காலத்தில் காயை ஏலத்துக்கு அனுப்பிவிட்டு, பழைய வாடிக்கையாளர் விட்டுப்போகாத அளவுக்கு மட்டும் பொட்டலம் கட்டலாம். விலை விழும்போது பொட்டலத்தைக் கூட்டலாம். ஆனால் விழுந்த பிறகு கடை திறந்தால் வாடிக்கையாளர் கிடைக்க ஓராண்டு ஆகும். நல்ல விலை இருக்கும்போதே கொஞ்சமாக ஆரம்பித்திருக்க வேண்டும்.

மற்ற விற்பனையாளரைப் பார்த்து விலையைக் குறைத்துக்கொண்டே போவது மட்டும் கூடாது. மொத்தமாக டன் கணக்கில் கொள்முதல் செய்யும் வியாபாரி, கூரியர்காரரிடம் மொத்தக் கூலி பேசியிருப்பார். அவருக்கு ரூ.35-க்குப் போகிற பார்சல் இரண்டு ஏக்கர்காரருக்கு ரூ.60 ஆகும். அந்தப் பந்தயத்தில் சிறு விவசாயி ஓட முடியாது.

சட்டத்தில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண் பதினான்கு இலக்கத்தில் பொட்டலத்தில் இருக்க வேண்டும். சிறு விற்பனைக்குப் பதிவு மட்டும் போதும், பெரிய லைசென்ஸ் வேண்டாம். நிகர எடை, கட்டிய தேதி, அதிகபட்ச விலை, முகவரி, பச்சைப் புள்ளி ஆகியவையும் வேண்டும். ஜி.எஸ்.டி. விஷயத்தில், 2023 அக்டோபர் 1 முதல் மாநிலத்துக்குள் மட்டும் இணையச் சந்தை வழியே பொருள் விற்கும் சிறு வியாபாரிக்குப் பதிவில் விலக்கு உண்டு. வெளி மாநிலத்துக்கு அனுப்பினால் அந்த விலக்கு கிடையாது. இந்த வட்டாரத்தில் இது ஒரு வேடிக்கையான சிக்கல். தோட்டம் உடும்பன்சோலையில், வீடு கம்பத்தில், கூரியர் ஆபீஸ் தேனியில் என்று வாழ்கிறவர்கள் நிறைய. பில் எந்த மாநிலத்தில் போடுவது என்பதைக் கணக்காளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக் காயையும் வாங்கிச் சேர்த்து விற்க நினைப்பவர்கள், ஏலக்காய் லைசென்ஸ் மற்றும் சந்தைப்படுத்தல் விதிகள் 1987-ல் இருந்து நடப்பில் இருப்பதை மனதில் வைத்து, போடியில் உள்ள ஸ்பைசஸ் போர்டு அலுவலகத்தில் விசாரித்த பின்பே வாங்க வேண்டும்.

இத்தனையையும் தனி ஒரு விவசாயி செய்வது சிரமம். அதற்கு வழி உழவர் உற்பத்தியாளர் நிறுவனம்தான். ஒரே பதிவு எண், ஒரே லேபிள், ஒரே எடை மெஷின், ஒரே ஜி.எஸ்.டி. கணக்கு. நாளைக்கு ஐம்பது பார்சல் சேர்ந்தால் கூரியர்காரரே வாசலுக்கு வந்து கூலியைக் குறைத்துப் பேசுவார். மத்திய அரசின் முயற்சியில் 2021 கடைசியில் தொடங்கப்பட்ட ஓ.என்.டி.சி. என்ற பொது வலையமைப்பிலும் இத்தகைய நிறுவனங்கள் பல சேர்ந்திருக்கின்றன. ஆனால் இங்கேயும் ஒரு பிணக்கு வரும். யார் காய் முதலில் விற்றது, யாருடைய காயைக் குறை சொல்லித் திருப்பினார்கள் என்று கூட்டத்தில் சண்டை எழும். ஒவ்வொருவர் சரக்கையும் ஸ்டோரில் உலர்த்திய அன்றே எடை போட்டு, சலித்து, ஈரம் பார்த்து, பறிப்பு எண் எழுதி வைத்தால் பாதிச் சண்டை குறையும்.

ஆடி, ஆவணியில் முதல் பறிப்பு வரும். அதற்குள் பதிவு எண் வாங்கி, லேபிள் அடித்து, நாற்பது, ஐம்பது பொட்டலத்தை உறவினர் வீடுகளுக்கே கூரியரில் அனுப்பிப் பார்ப்பது புத்திசாலித்தனம். பெட்டி எப்படிப் போய்ச் சேருகிறது, மணம் நிற்கிறதா, கூலி உண்மையில் எவ்வளவு ஆயிற்று என்பது அந்த ஐம்பதிலேயே தெரிந்துவிடும்.