தாது வருஷமும் தோட்டத்துச் செக்ரோலும்

ஜொகூரின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ஐந்தே நிமிடம். ஆர்.டி.எஸ். ரயில் என்றாலே நாளிதழ்களில் இந்தக் கணக்குத்தான். இந்த வாரமும் அதேதான். அக்கரைச் சம்பளம், இக்கரை வாடகை, வாரக்கடைசிக் கூட்டம் என எல்லாம் பேசியாகிவிட்டது. சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட்டில் ஒரு தேசிய நூலகம் இருக்கிறது என்று மட்டும் யாருக்கும் எழுதத் தோன்றவில்லை. அதுதான் எரிச்சல். 1845 முதல் வந்த ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’, 1887-இல் தொடங்கிய ‘சிங்கை நேசன்’, பின்னாளைய ‘தமிழ் முரசு’ எல்லாம் அந்த நூலகத்தின் பராமரிப்பில் இருக்கின்றன. பழைய நாளிதழ்கள் பலவற்றை இணையத்திலேயே இலவசமாகத் தேடிப் படிக்கலாம். ‘பஞ்சம் பிழைக்க வந்தோம்’ என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். எந்தப் பஞ்சம், எந்த ஊரில், எந்த ஆண்டு என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோரிடம் பதில் இல்லை. தோட்ட ஆவணங்களைப் பற்றிய என் ஆதங்கம் இந்தப் பத்தியின் வாசகர்களுக்குப் புதிதல்ல. இந்த வாரமும் பேச்சு அங்கேதான் போகிறது.

அயர்லாந்துக்காரர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய விதத்தைப் பாருங்கள். ராஸ்காமன் மாவட்டத்தில் ஸ்ட்ரோக்ஸ்டவுன் என்ற சிற்றூர். அங்கிருந்த பழைய ஜமீன் பண்ணையை 1979-இல் உள்ளூர் வாகன வணிகர் ஒருவர் தம் தொழிலுக்காக வாங்கினார். பண்ணை அலுவலகத்தில் பழைய காகிதங்கள் அப்படியே கிடந்தன. அவற்றில் ஒன்று, உருளைக்கிழங்கு அழுகிப்போன 1846-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், குளூனஹீ பகுதிக் குடியானவர்கள் தங்கள் நிலக்கிழாருக்கு எழுதிய விண்ணப்பம். பண்ணையை வாங்கிய வணிகர் அந்தக் காகிதங்களைக் குப்பையில் போடவில்லை. 1994-இல் அங்கே தேசியப் பஞ்ச அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1847-இல் அந்தப் பண்ணையிலிருந்து கப்பலேற்றி கனடாவுக்கு அனுப்பப்பட்ட 1,490 பேர் யார் யார் என்று இன்றைக்குத் தேட முடிவது அந்தக் காகிதங்களால்தான். ஒரு நாட்டின் பஞ்ச வரலாறு ஒரு பண்ணையின் கணக்கு அறைக்குள் கிடந்திருக்கிறது. ஜொகூரில் இடிபட்ட தோட்ட அலுவலகங்களை நினைத்தால் இது நமக்குச் சுடவேண்டிய செய்தி. அயர்லாந்தின் நிவாரணச் செலவை லண்டன் கருவூலத்திலிருந்து இறுக்கிப் பிடித்த சார்லஸ் ட்ரெவெல்யன்தான் 1859-இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தவர் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

நம் பஞ்சம் 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம். தென்னிந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. சிக்கனம் பார்க்க அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமந்த ஆணுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். சுகாதார ஆணையர் கார்னிஷ், அது உயிரைத் தாங்காது என்று எழுத்திலேயே எதிர்த்தார். ஆவணங்களெல்லாம் ஆண்டவர்கள் எழுதியவை, அவற்றில் பட்டினி கிடந்தவன் குரல் எங்கே இருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் ஆண்டவர்களும் தங்களுக்குள் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டைக் காகிதங்களில்தான் பட்டினியின் அளவு தெரிகிறது. போதாததற்கு நம்மிடம் வில்லியப்ப பிள்ளை இருக்கிறார். சிவகங்கைச் சீமைப் புலவரான அவர் எழுதிய ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ என் மனத்துக்கு மிக நெருங்கிய நூல். மக்கள் படும் பாட்டுக்குத் தம்மால் ஒன்றும் செய்ய முடியாமல், மதுரைச் சொக்கநாதரே சிவகங்கை ஜமீன்தாருக்குச் சிபாரிசுத் திருமுகம் எழுதுகிறார் என்பது கற்பனை. தெய்வமே கைவிரித்த காலம் என்று இதைவிட உறைக்கச் சொல்ல முடியாது. கேலியும் வயிற்றெரிச்சலுமாக நீளும் அந்த நூலை டெம்பிளின் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். நம் பள்ளிகளில் அதன் பெயர்கூடச் சொல்லப்படாதது எனக்குத் தீராத வருத்தம்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. ஜொகூரில் தமிழர்கள் பெருந்திரளாக வந்தது 1900-க்குப் பிறகு, பால்மரத்தோடும் ரயில் பாதையோடும். தாது வருஷத்துக்கும் கூலாய், ரெங்கம், குளுவாங் தோட்டங்களுக்கும் என்ன தொடர்பு என்பார்கள். பஞ்சம் மழையோடு முடிவதில்லை என்பதே என் பதில். சேலம் மாவட்டத்தில் 1871-இல் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1881-இல் எண்ணியபோது 16 லட்சம்தான். உழவுமாடு செத்த குடியானவனுக்கு மழை பெய்தும் ஏர் இல்லை. அவன் நிலம் கடனில் போகிறது, மகன் கூலியாகிறான், பேரன் கங்காணியின் முன்பணத்துக்குக் கை நீட்டுகிறான். காணி நிலமே இல்லாத சேரிக்காரனுக்கு இந்த அவகாசம்கூடக் கிடைத்திருக்காது. இது என் அனுமானம்தான். இதை ஊர் ஊராகச் சரிபார்க்கலாம் என்பதுதான் விஷயம். கங்காணி பெரும்பாலும் தன் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆள் திரட்டியவர். ஆகவே அவர் ஊர் தெரிந்தால் ஒரு லயமே எங்கிருந்து வந்தது என்று ஓரளவு தெரிந்துவிடும். ஊர் தெரிந்தால் தாலுகா தெரியும். சேலம் பக்கம் என்றால் லெ ஃபானு 1883-இல் வெளியிட்ட மாவட்டக் கையேடு இருக்கிறது. மற்ற மாவட்டங்களுக்கும் இத்தகைய கையேடுகள் உண்டு. அதற்கு மேல் வேண்டுமானால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம்.

ஆனால் சங்கிலியின் முதல் கண்ணி எழும்பூரில் இல்லை, இங்கே இருக்கிறது. கிராணி எழுதிய செக்ரோல் என்னும் வருகைப் புத்தகம், பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்ட பட்டியல், தோட்டத்துக் கோயிலின் திருவிழா வரி நோட்டு, தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. தோட்டம் துண்டாடப்பட்டு, செம்பனையாகி, கடைசியில் குடியிருப்புத் தாமான் ஆகும்போது முதலில் தொலைவது இவைதான். வறுமையைக் கிளறுவது அவமானம் என்று பெரியவர்கள் சிலர் தயங்குவது புரிகிறது. அயர்லாந்திலும் அந்தத் தயக்கம் நெடுங்காலம் இருந்தது; இருந்தும் 1945-இல் அவர்களின் நாட்டார் வழக்காற்று ஆணையம் வினாத்தாள் அனுப்பி முதியவர்களிடம் கேட்டு எழுதி வைத்தது. பட்டினி கிடந்தவர் எதற்கு வெட்கப்பட வேண்டும்? ஒரு பவுண்டு போதும் என்றவர் அல்லவா வெட்கப்பட்டிருக்க வேண்டும்!

கோயில் நிர்வாகத்தினரே, தலைமையாசிரியர்களே, அலமாரியைக் காலி செய்யும் முன் பழைய நோட்டுகளைத் தயவுசெய்து பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். மூலப் பிரதியைத் தேசிய ஆவணக் காப்பகத்திடம் கொடுக்கலாம். வாசகர்கள் தங்கள் தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர், அவர் ஊர், தாலுகா ஆகியவற்றில் தெரிந்ததை வீட்டில் கேட்டு இந்த மாதத்துக்குள் ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.