மீட்புப் பணிக்கான ஆய்வாளர்களை உருவாக்குவது யார் பொறுப்பு?

போதைப் பொருள் பயன்பாடு குறித்து எய்ம்ஸ் நிறுவனத்தின் தேசியப் போதைச் சிகிச்சை மையம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் அறிக்கை 2019 பிப்ரவரியில் வெளியானது. 4,73,569 பேரை நேர்கண்டு தயாரிக்கப்பட்ட அந்த அறிக்கையின்படி, மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் 5.7 கோடிப் பேர். அபின் வகைப் பொருட்களால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் 77 லட்சம் பேர். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்கு மட்டுமே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது.

சிகிச்சை கிடைத்த அந்த ஒருவரும் மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த பிறகு என்ன ஆகிறார்? மருந்தின் துணையோடு உடலிலிருந்து நஞ்சை இறக்குவது சில வாரங்களில் முடியும் வேலை. அதற்குப் பின்னர்தான் நெடும் பயணம் தொடங்குகிறது. வேலை திரும்பக் கிடைக்குமா, வீடு ஏற்குமா, கடன் என்னவாகும், மீண்டும் சறுக்கினால் கைகொடுப்பவர் யார் என்பவையே அவர் மீள்வதையும் மூழ்குவதையும் தீர்மானிக்கின்றன. கட்டுமானத் தொழிலாளி ஒருவர் அதே வேலைத்தளத்துக்கு, அதே உடல்வலிக்கு, கூலி நாளில் அதே மதுக்கடை வாசலுக்குத் திரும்பும்போது எந்த உதவி பயன் தருகிறது என்பதை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தால்தான் அறிய முடியும்.

அவ்வாறு பின்தொடர்வதற்கு ஆய்வாளர்கள் வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ், சண்டிகர் முதுநிலை மருத்துவக் கழகம், எய்ம்ஸ் போன்ற சில நிறுவனங்களில் போதை மருத்துவத்துக்கு உயர்சிறப்புப் பயிற்சி உண்டு. அதற்கான இடங்கள் சொற்பம். அவை மருத்துவர்களுக்கு மட்டுமே உரியவை. சமூகப்பணி, உளவியல், பொது சுகாதாரம் பயின்று மீட்புப் பணியை ஆராய வரும் இளைஞர்களுக்கு இத்தகைய ஏற்பாடு அரிது. குறுகிய காலத் திட்டங்களில் ஒப்பந்த ஊழியராகச் சேர்ந்து படிவங்களை நிரப்புவதே அவர்களில் பலருக்குக் கிடைக்கும் பயிற்சி. திட்டம் முடிந்ததும் அவர்கள் வேறு துறைக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் களத்தில் கற்றதும் அவர்களோடு போய்விடுகிறது.

இத்துறையில் வழிகாட்டி இல்லாத ஆய்வு பயனற்றதாவதோடு நிற்பதில்லை, ஆபத்தாகவும் முடியக்கூடும். 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தில், பயன்படுத்துவதே தண்டனைக்குரிய குற்றம். தானாகச் சிகிச்சைக்கு வருவோருக்கு அதன் 64-ஏ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் ஆய்வாளரின் குறிப்பேட்டில் பதிவாகும் பெயரும் முகவரியும் காவல்துறையின் கைக்குப் போனால் என்ன நேரும் என்பதை எந்தப் பாடநூலும் போதிப்பதில்லை. பெயரை எப்படி மறைப்பது, போதையில் இருப்பவரிடம் பெறும் ஒப்புதல் ஒப்புதலாகுமா, நேர்கண்டவர் அடுத்த மாதம் இறந்துபோனால் அந்தத் துயரை இளம் ஆய்வாளர் யாரிடம் சொல்வது ஆகியவற்றை அனுபவம் மிக்கவர் அருகிலிருந்து சொல்லித்தர வேண்டும். மதுபான நிறுவனத்தின் நிதி தேடி வந்தால் மறுக்க வேண்டும் என்பதும் அப்பயிற்சியின் ஒரு பாடமே.

முறையான வழிகாட்டுதலால் எதைச் சாதிக்க முடியும் என்பதற்குக் கோவாவில் ஒரு சான்று உள்ளது. அங்கே சங்கத் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள், மனநலப் பட்டம் ஏதும் பெறாத உள்ளூர்வாசிகளை ஆலோசகர்களாகப் பயிற்றுவித்தனர். வகுப்போடு பயிற்சி முடிந்துவிடவில்லை. ஆலோசனை உரையாடல்கள் ஒலிப்பதிவு செய்யப்பட்டன. சக ஆலோசகர்கள் ஒன்றாக அமர்ந்து அவற்றைக் கேட்டு, மதிப்பெண் இட்டு, குறைகளை விவாதித்தனர். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, தீங்கான அளவில் மது அருந்திய 377 ஆண்களிடம் இம்முறை சோதிக்கப்பட்டது. மூன்று மாதங்களில் ஆலோசனை பெற்றோரில் 36 விழுக்காட்டினர் அந்த நிலையிலிருந்து மீண்டிருந்தனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் அது 26 விழுக்காடு. 2017இல் லான்செட் இதழில் இம்முடிவு அச்சானது. தொடர்ந்த மேற்பார்வை எளிய மனிதர்களையும் திறன்மிக்க ஆலோசகர்களாக்கும் என்றால், இளம் ஆய்வாளர்களுக்கு மட்டும் அது ஏன் மறுக்கப்பட வேண்டும்?

போதையிலிருந்து மீண்டு வந்தவர்களை அரசின் திட்டங்களே சக உதவியாளர்களாகப் பயன்படுத்துகின்றன. களத்தின் கதவுகளைத் திறப்பவர்கள் அவர்களே. ஆனால் ஆய்வு என்று வரும்போது அவர்கள் ‘தகவல் தருபவர்’ என்ற நிலையிலேயே நிறுத்தப்படுகிறார்கள். எதைக் கேட்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் இடத்தில் அவர்களுக்கு இருக்கை இல்லை. அவர்களில் கற்கும் ஆர்வம் உள்ளோருக்கு ஊதியத்துடன் ஆய்வுப் பயிற்சி அளிப்பதும், இளம் ஆய்வாளர்கள் அவர்களிடம் பாடம் கேட்பதும் ஒரே திட்டத்தின் இரு பகுதிகளாக வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்ற கேள்வி எழும். 2023இல் சட்டமாக்கப்பட்ட தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்த ஒன்றிய அரசு, அதில் 36,000 கோடியைத் தனியாரிடமிருந்து எதிர்பார்த்தது. கட்டடத் தொழிலாளியும் துப்புரவுத் தொழிலாளியும் மீண்டெழுவதை ஆராய எந்தத் தனியார் முதலாளி நிதி தருவார்? அங்கே லாபத்துக்கு வழியில்லை. ஏழை வீடுகளிலிருந்து வரும் ஆய்வு மாணவர்களின் நிலையோ இன்னும் கடினம். சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டது. போதையால் சிதைந்த குடியிருப்புகளை உள்ளிருந்து அறிந்த மாணவர்களே இவ்வாறு ஆய்விலிருந்து வெளியேற்றப்படுகின்றனர்.

அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மீட்புப் பணி ஆய்வுக்கென நிரந்தரப் பணியிடங்கள் உருவாக்கப்பட வேண்டும். ஒவ்வோர் இளம் ஆய்வாளருக்கும் கல்விப்புலத்தில் ஒருவர், களத்தில் ஒருவர் என இரு வழிகாட்டிகள் வேண்டும். வழிகாட்டும் நேரம் பேராசிரியரின் பணிச்சுமையில் கணக்கிடப்பட வேண்டும். உதவித்தொகை மாதந்தோறும் தவறாமல் வந்துசேர வேண்டும்.

மாணவர், மாதர், தொழிற்சங்க அமைப்புகள் இக்கோரிக்கைகளைத் தங்கள் போராட்டப் பட்டியலில் சேர்ப்பது அவசியம். பேரணியும் உறுதிமொழியும் போதை ஒழிப்பு நாளோடு முடிந்துவிடும். மறுநாள் காலையில் வேலைக்குப் புறப்படும் அந்தத் தொழிலாளிக்கு எது உதவும் என்பதை அறிந்து சொல்ல, பயிற்சி பெற்ற மனிதர்கள் தேவை. அவர்களை உருவாக்கும் பொறுப்பு அரசுக்கே உரியது.