சாக உரிமையில்லாத நிரல்

ஃபைல்களின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் நிரலின் மூலத்தைத் திறந்தால் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது 'டை' என்ற சிறு ஃபங்ஷன். ஏதாவது இசகுபிசகானால் 'ஃபேட்டல்' என்று தொடங்கும் ஒரு வரியைத் திரையில் எழுதிவிட்டு, 128 என்ற எண்ணோடு நிரல் அங்கேயே முடிந்துவிடும். எடுத்த மெமரியைத் திருப்பித் தரும் கவலை இல்லை. ஆபரேட்டிங் சிஸ்டம் பார்த்துக்கொள்ளும். 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் அவசரமாக எழுதத் தொடங்கியது என்பதற்காக இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடக் கூடாது. வந்த வேலையை முடித்து ஓய்கிற கருவிக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

யூனிக்ஸ் வளர்த்த மரபு அது. டக் மெக்கில்ராய் 1964இலேயே ஆசைப்பட்ட, ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்கு அனுப்பும் பைப், 1973இல் கென் தாம்ஸன் கையால் யூனிக்ஸுக்குள் வந்தது. அதன்பின் ஒரு கருவி இன்னொன்றைப் பயன்படுத்த வேண்டுமானால், அதை ஓடவிட்டு அது அச்சிடுவதைப் படித்தால் போதும் என்றாகிவிட்டது. மகத்தான ஏற்பாடுதான். ஆனால் ஃபைல் பெயரில் ஓர் இடைவெளி வந்தால் தடுமாறும். பதிப்பு மாறி எரர் வாசகம் மாறினால், அதை நம்பியிருந்தவர் பாடு திண்டாட்டம். கிட் இதை உணர்ந்தே, மனிதருக்கான கட்டளைகளைப் 'போர்செலின்' என்றும் நிரல்களுக்கானவற்றைப் 'பிளம்பிங்' என்றும் பிரித்துவைத்தது.

அதுவும் போதவில்லை. நாள் முழுக்க ஓடும் சர்வருக்குள்ளோ எடிட்டருக்குள்ளோ கிட்டின் மூலத்தை அப்படியே சேர்த்தால், அந்த வரலாற்றைச் சேமிக்கும் ரெப்பாசிட்டரி ஒன்று பழுதாக இருந்தாலே போதும்: 'டை' தன்னோடு சேர்த்து வீட்டுக்காரரையும் கொன்றுவிடும். அதனால்தான் ஷான் பியர்ஸ் 2008இல் தொடங்கிய லிப்கிட்2 என்ற லைப்ரரி, இருந்ததைப் பிரித்தெடுக்காமல் புதிதாகவே எழுதப்பட்டது. அதன் விலை, ஒரே வேலைக்கு இரண்டு நிரல்கள். மூலக் கிட்டில் வரும் புது வசதிக்காக மற்றது பின்னால் ஓடவேண்டும்.

இணையத்திலிருந்து தரவை எடுத்துவரும் கர்லின் கதை வேறு. ஐஆர்சி அரட்டையில் நாணய மாற்று விகிதம் சொல்வதற்காக ஸ்வீடனின் டேனியல் ஸ்டென்பெர்க் கையிலெடுத்த சிறு கருவி, 1998 மார்ச்சில் கர்ல் என்று பெயர் பெற்றது. 2000 ஆகஸ்டிலேயே அதன் உட்பகுதி லிப்கர்ல் என்ற லைப்ரரியாக வெளிவந்தது. நிரல் இளசாக இருக்கும்போதே செய்ததுதான் சாமர்த்தியம் என்பேன். கோளாறு நேர்ந்தால் சாகாமல் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். வந்து சேரும் தரவை, அழைத்தவர் கொடுத்த ஃபங்ஷனிடம் ஒப்படைக்கும். அழைத்தவர் எதையும் கொடுக்காவிட்டால்? இன்றும் அது தரவை நேரே திரையில்தான் கொட்டும். பிறவி மச்சம்! இப்போது கர்ல் கட்டளையே லிப்கர்லைப் பயன்படுத்தும் ஆயிரக்கணக்கான நிரல்களில் ஒன்று, அவ்வளவுதான்.

பிரித்து வைப்பதைவிடக் கடினம், பிரித்தபின் வாக்குக் காப்பது. கட்டளையில் ஒன்றை மாற்றினால் மனிதர் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொள்வார். லைப்ரரியை நம்பி ஏற்கெனவே கம்பைல் செய்து விற்ற காரும் டிவியும் பழகிக்கொள்ளாது. பழைய நிரல்கள் ஓடாதபடி லிப்கர்ல் கடைசியாக உடைந்தது 2006 அக்டோபரில், 7.16.0 பதிப்பில். அன்றைய லைப்ரரிக்கென்று கட்டிய நிரல் இன்றைய லைப்ரரியோடும் ஓட வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் பிடிவாதம். அதற்காக, யோசிக்காமல் வைத்த பெயர்களையும் யாரும் சீண்டாத பழைய ஆப்ஷன்களையும் சுமந்துகொண்டே இருக்கிறார்கள்.

கிட்டும் இப்போது தன் உட்பகுதியைத் தளர்த்திவருகிறது. 'தி ரெப்பாசிட்டரி' என்றொரு குளோபல் வேரியபிள் அங்கே உண்டு. ஓடும் நேரத்தில் உலகில் ஒரே ஒரு ரெப்பாசிட்டரிதான் என்ற கட்டளைக் காலத்து எண்ணம் அந்தப் பெயரிலேயே தெரியும். அதை ஒவ்வொரு ஃபைலாகச் சுரண்டி எடுக்கும் வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது.