சீட்டில் நடையையும் எழுதுங்கள்

புற்றுநோய் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரை நம் வீடுகளில் லேசில் எழுந்திருக்க விடுவதில்லை. "நீ படு, தண்ணி நான் மொண்டு தர்றேன்" என்பார்கள். பாசம்தான், உடம்புக்கு உதவாத பாசம்.

2025-இல் வெளியான ‘சேலஞ்ச்’ ஆய்வில் 889 பெருங்குடல் புற்றுநோயாளிகள் பங்கேற்றனர். அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்தபின், பயிற்றுநர் துணையோடு 3 ஆண்டு உடற்பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களில் 8 ஆண்டு கழித்து உயிரோடிருந்தோர் 90 சதவீதம்; அறிவுரைக் கையேடு மட்டும் பெற்றவர்களில் 83.

புற்றுநோய்க்குக் கீமோ முடித்த கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங், 2012 செப்டம்பரில் இந்திய அணிக்கு மீண்டும் ஆடியது சேப்பாக்கத்தில்தான். அவருக்கு மைதானம் இருந்தது. கன்டெய்னர் லாரிகள் உரசிப்போகும் மீஞ்சூர் சாலையில் நோயாளி எங்கே நடப்பார்?

எலும்புக்கு நோய் பரவியவர்கள், ரத்த அணுக்கள் குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். மற்றவர்களுக்கு மாத்திரையோடு நடையையும் எழுதிக் கொடுங்கள், டாக்டர்களே. நடைபாதையை உள்ளாட்சி போட்டுத் தரட்டும்.