வயலுக்குள் வழி விட்டால் உழவர் குறைந்து போவதில்லை

"என் நிலத்துல கண்டவங்களும் எதுக்குங்க நடக்கணும்?" என்று நம்மில் பல பேர் கேட்போம். நியாயமான கேள்விதான். இங்கிலாந்து விவசாயியும் பல தலைமுறையாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் அங்கே அதற்குச் சட்டமே ஒரு பதில் வைத்திருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பொதுவழிகள் பதிவாகியிருக்கின்றன. அதில் பெரும்பகுதி தனியார் நிலத்துக்குள்ளே போகிறது. கோதுமை வயலின் நடுவே, ஆடு மேயும் புல்வெளியின் ஓரமாக, யார் வேண்டுமானாலும் பிள்ளைகுட்டியோடு நடந்து போகலாம். அனுமதி கேட்க வேண்டாம், கட்டணமும் கிடையாது.

இது உழவருக்கு இழப்பு என்று நான் நினைக்கவில்லை. அதிலும் இயற்கை விவசாயம் செய்கிற நமக்கு, அடுத்தவர் கால் நம் வயலில் படுவது லாபம். ஏன் என்று சொல்கிறேன்.

என் மகள் குடும்பம் நாட்டிங்காமில் இருக்கிறது. போன இடத்தில் ஊர் சுற்றிப் பார்ப்பதைவிட விவசாயம் பார்க்கத்தான் எனக்கு ஆசை. அங்கிருந்து காரில் ஒரு மணி நேரப் பயணத்தில் லாக்ஸ்டன் என்று ஒரு கிராமம். ஒரு தேவாலயம், பழைய கோட்டை இருந்த மண்மேடு, சாலையோரம் செங்கல் வீடுகள், ஒரு மதுக்கடை, அதன் பக்கத்திலேயே ஊர் வரலாறு சொல்லும் சிறு கண்காட்சிக்கூடம். அங்கே வண்டியை நிறுத்திவிட்டுப் பேரப்பிள்ளைகளோடு நடந்தோம். சின்னவளுக்கு ஏழு வயசு. கோட்டை மேடு, வயல்வழி, திரும்ப ஊர் என்று இரண்டு மணி நேரத்துக்குமேல் நடந்தும் அவள் தூக்கச் சொல்லவில்லை. வேலியோரம் பழுத்திருந்த பிளாக்பெர்ரிகளைப் பறித்துத் தின்றுகொண்டே வந்தாள்.

லாக்ஸ்டனுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. இங்கிலாந்தில் பல ஊர்களிலும் இருந்த திறந்தவயல் முறை உயிரோடு மிஞ்சியிருப்பது இங்கேதான். மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் என்று மூன்று பெரிய வயல்கள். உள்ளே வேலியே கிடையாது. ஒவ்வொரு குடியானவருக்கும் மூன்று வயலிலும் நீளநீளமான பட்டைகள் பிரித்து விட்டிருக்கிறார்கள். ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, ஒன்றில் வசந்த காலப் பயிர், ஒன்று தரிசு அல்லது தீவனப்புல். அடுத்த வருஷம் அப்படியே மாறும். நாம் இன்று பயிர்ச்சுழற்சி என்று கூட்டம் போட்டுப் பேசுவதை ஊர்க் கட்டுப்பாடாகவே வைத்திருக்கிறார்கள். அந்த வயல்களை அளந்து 1635ல் வரைந்த வரைபடம் இன்றும் இருக்கிறது. உழ முடியாத பள்ளங்களையும் ஓரங்களையும் புல்லுக்கே விட்டுவிடுகிறார்கள். அதில் காட்டுப்பூக்கள் மண்டிக் கிடக்கின்றன. லாக்ஸ்டன் இயற்கை விவசாயக் கிராமம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே எனக்குப் பிடித்தது வேறு.

ஒவ்வொரு வருஷமும் நவம்பர் கடைசியில், புதிதாகக் கோதுமை விதைத்த வயலுக்கு, விவசாயிகளிலிருந்தே பொறுக்கிய ஒரு ஜூரி நேரில் போகிறது. எல்லையில் முளை அடிக்கிறார்கள். யாராவது பொது வழியையோ புல் ஓரத்தையோ பக்கத்துப் பட்டையையோ சேர்த்து உழுதிருந்தால் குறித்துக்கொள்கிறார்கள். அடுத்த வாரம் ஊர் மன்றம் கூடி அபராதம் போடுகிறது. தொகை பெரிதில்லை, ஆனால் ஊருக்கு முன்னால் பேர் வாசிக்கப்படும். நடந்து பார்த்தவர்கள் சொல்வதுதான் அங்கே சாட்சி. 1952ல் நிலவுடைமைக் குடும்பம் அரசுக்கு விற்றது, 2020ல் நிலம் மறுபடி ஒரு தனியார் எஸ்டேட்டுக்குப் போனது. கைகள் மாறியும் இந்த வழக்கம் நிற்கவில்லை.

மற்ற ஊர்களின் கதை வேறு. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பார்லிமென்ட் ஆயிரக்கணக்கான சட்டங்கள் போட்டு ஊர்ப் பொதுநிலங்களை வேலிக்குள் அடைத்தது. ஏழைக் குடியானவர் மாடு மேய்த்த இடமும் நடந்த வழியும் போயிற்று. பின்னால் ஆலைத் தொழிலாளிகள் ஞாயிற்றுக்கிழமை மலைக்காற்று வாங்கப் போனால் காவலாட்கள் விரட்டினார்கள். 1932 ஏப்ரல் 24ஆம் தேதி டெர்பிஷயர் பக்கம் கிண்டர் ஸ்கவுட் மலையில் சில நூறு பேர் வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறை போனார்கள். 1949ல் வந்த சட்டம், ஒவ்வொரு கவுண்டி மன்றமும் தன் எல்லையில் உள்ள நடைவழிகளை ஆய்ந்து அதிகாரப்பூர்வ வரைபடம் போட வேண்டும் என்றது. 2000ல் வந்த சட்டம் மலை, புதர்க்காடு, பொதுநிலங்களில் வழியை விட்டு விலகியும் நடக்க உரிமை தந்தது. யாரும் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை, போராடி வாங்கியதுதான்.

உழவருக்கு அங்கே என்ன கடமை? வயல் நடுவே போகும் நடைவழியை உழவுக்காகக் கலைக்கலாம். ஆனால் விதைப்புக்கான முதல் உழவு முடிந்து 14 நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குத் திரும்ப மிதித்துச் சமன் செய்து தர வேண்டும். வரப்போரம் போகும் வழியில் கலப்பையே படக்கூடாது. வழியில் பயிர் சாயக்கூடாது. பத்து மாதத்துக்கு மேற்பட்ட கறவையினக் காளையை வழி போகும் வயலில் அவிழ்த்து விடக்கூடாது. ஆள் நுழையலாம், மாடு நுழைய முடியாது என்கிற மாதிரி ஊசல் கதவுகள், வேலியைத் தாண்ட மரப்படிகள், மஞ்சள் அம்புக்குறி. படிக்கத் தெரியாத பிள்ளைகூட அம்புக்குறியைப் பார்த்து வழி சொல்லிவிடும்.

அங்குள்ள உழவருக்குக் குறையே இல்லை என்று சொன்னால் அது பொய். வாக்கிங் வருபவர்களின் நாய் ஆட்டைக் கடிக்கிறது, சினை ஆடு மிரண்டு குட்டி வீசுகிறது. கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறார்கள். பிளாஸ்டிக் கிடக்கிறது. இதற்கெல்லாம் நடப்பவர்களுக்கும் விதி இருக்கிறது: திறந்த கதவைத் திறந்தபடியும், மூடிய கதவை மூடியபடியும் விடு, நாயைக் கட்டுக்குள் வை, குப்பையைக் கையோடு கொண்டுபோ. விதி இருந்தும் எல்லாரும் கேட்பதில்லை. ஆனாலும் வழியை மூடிவிடலாம் என்கிற முடிவுக்கு நாடு வரவில்லை. ஏனென்றால் நடந்து பார்த்த ஜனங்கள்தான் பின்னால் வேலிக்காகவும் பறவைக்காகவும் குரல் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே உயிர்வேலிகளில் ஏறத்தாழ பாதி பிடுங்கப்பட்டது, பெரிய இயந்திரம் திரும்ப இடம் வேண்டுமென்று. 1997லிருந்து, கிராமப்புற உயிர்வேலியைப் பிடுங்குவதென்றால் பெரும்பாலும் மன்றத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். வேலியோரம் நடந்தே பழகாத ஜனங்கள் வேலிக்காகச் சட்டம் கேட்பார்களா?

இப்போது நம்ம கதைக்கு வருவோம். எங்கள் கொங்கு நாட்டில் இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே மண்தடம், அதுதான் இட்டேரி. பிரண்டையும் கோவையும் படர்ந்து, ஓணானும் கீரியும் கவுதாரியும் குடியிருந்த இடம். இங்கிலாந்தின் வேலிச்சந்துகளைப் பார்த்தபோது இட்டேரிதான் என் கண்முன் வந்தது. இங்கே எத்தனை இட்டேரி இன்று பாக்கி? டிராக்டர் ஒவ்வொரு உழவுக்கும் ஒரு சாண் உள்ளே வருகிறது. பத்து வருஷத்தில் வண்டிப்பாதை வரப்பாகிறது, அப்புறம் வரப்பும் வயலாகிறது. வங்கியில் இருந்தபோது விவசாயக் கடன் கோப்புகள் என் மேசைக்கு வரும். நிலத்துக்கு வழி இருக்கிறதா என்பதுதான் நான் முதலில் பார்ப்பது. வழியில்லாத நிலத்துக்கு விலையும் குறைவு, அடமானமும் சிக்கல். அடுத்தவர் வழியை உழுதவர், தன் பிள்ளைகளின் நில மதிப்பையும் சேர்த்துத்தான் உழுகிறார்.

ஒரு வேடிக்கை: இங்கிலாந்தில் 20 வருஷம் தடையில்லாமல், உரிமையாக ஜனங்கள் நடந்தால் பொதுவழி என்று சட்டம் அனுமானிக்கிறது. நம்ம 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டமும், பக்கத்து நிலத்துக்காரர் 20 வருஷம் நடந்த வழிக்கு உரிமை தருகிறது. வருஷக் கணக்கு ஒன்றுதான். ஆனால் இங்கே அது இரண்டு பட்டாதாரர்களுக்கு நடுவே கோர்ட்டில் முடிகிற சண்டை. அங்கே ஊருக்கே சொந்தமான சொத்து.

அதனால் நான் சொல்வது இரண்டே விஷயம்.

ஒன்று, நம் ஊர் வண்டிப்பாதையையும் வாய்க்கால் கரையையும் நாமே உழக்கூடாது. கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் பார்த்து, எது பாதைப் புறம்போக்கு என்று குழுவாக நடந்தே அடையாளம் போடுங்கள். லாக்ஸ்டன் ஜூரி செய்வதும் அதுதான். பி.ஜி.எஸ். குழுவில் ஒருவர் வயலை ஒருவர் பார்க்கப் போகும் அதே நாளில் இதையும் முடித்துவிடலாம். வயலில் கால் வைக்காமல் போடுகிற கையெழுத்து சான்றும் ஆகாது, சாட்சியும் ஆகாது.

இரண்டு, நம்மிடம் அரிசியும் கடலை எண்ணெயும் வாங்குகிற நகரத்துக் குடும்பங்களுக்கு ஒரு நடைவழி விடுங்கள். விருந்து வேண்டாம், ரிசார்ட் வேண்டாம். வரப்பில் மூன்றடி அகலம், நிழலுக்கு ஒரு மரம், கிணற்றுக்கு மூடி அல்லது சுற்றுச்சுவர், காளையைத் தனியே கட்டுதல், பிள்ளைக்குத் தெரியும்படி சுண்ணாம்பு அம்புக்குறி. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். கதவை மூடு, பயிரை மிதிக்காதே, குப்பை போடாதே என்று மூன்று விதி எழுதி வையுங்கள். "மருந்தடிக்கலைன்னு எப்படிங்க நம்புறது?" என்று கேட்கிறவருக்கு நாம் நூறு வார்த்தை பேச வேண்டியதில்லை. அவர் பிள்ளை வரப்போரம் தட்டானையும் மண்புழு மேட்டையும் பார்த்துவிட்டு வீட்டில் போய்ப் பேசும்.

மறைப்பதற்கு ஏதாவது இருக்கிறவர்தான் வழியை மூட வேண்டும். நமக்கு அப்படி என்னங்க இருக்கு?